எஞ்சின் வேலை முடிந்தது, ஆயில் ஏறிவிட்டதா?

கேள்வி, தொண்டியிலிருந்து ஒரு வாசகர். 2024 ஏப்ரல் 18

1998 மாடல் ஆம்னி, கார்புரேட்டர் வண்டி. போர் எடுத்து, பிஸ்டன் ரிங் மாற்றி, பிஸ்டன் சுற்றிவிடும் கிராங்க் தண்டுக்கு கிரைண்டிங் போட்டு, பேரிங் எல்லாம் புதிது. பிப்ரவரியிலேயே எஞ்சினை மூடியாகிவிட்டது. பாடியில் துரு வேலை இழுத்துக்கொண்டே போனதால் எஞ்சினை வண்டியில் ஏற்றியது போன வாரம்தான். மெக்கானிக், "ஆயிலை ஊத்தி செல்ஃப் அடிங்க, அஞ்சு செகண்டுல பல்பு அணைஞ்சிரும்" என்கிறார், ஆயில் பிரஷர் இல்லாதபோது எரியும் பல்பைத்தான் சொல்கிறார். பக்கத்துக் கடைக்காரர், முதலில் உள்ளே எல்லா இடத்துக்கும் ஆயில் ஏற்றாமல் ஸ்டார்ட் பண்ணாதே என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

ஏப்ரல் 18, இரவு

பக்கத்துக் கடைக்காரர் சொல்வதைக் கேளுங்கள். சாவியைக் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள், பிள்ளைகள் யாரும் விளையாட்டுக்குக்கூடத் திருப்பிவிடக் கூடாது. மூடி இரண்டு மாதம் ஆன எஞ்சின், அதுவும் கடற்கரை ஊரில். விவரம் நாளை எழுதுகிறேன்.

ஏப்ரல் 19

ஓட்டுப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். இன்று பட்டறைகள் எதுவும் திறக்காது, உங்கள் மெக்கானிக்கும் அவசரப்பட முடியாது. நிதானமாகச் சொல்கிறேன்.

எங்களுடையதும் ஆம்னிதான், அப்பாவின் வண்டி. மண்டபத்தில் கருவாடு ஏற்றி பரமக்குடி வரை போய்வரும். 2016-இல் புகை அதிகமாகி எஞ்சினை இறக்கினோம். ராமநாதபுரத்தில் ஒரு பட்டறை, பெயர் வேண்டாம். வேலை சுத்தமாகத்தான் செய்தார்கள். போர் அளவு, ரிங் இடைவெளி, டார்க் ரெஞ்ச் எல்லாம் நானே கூட இருந்து பார்த்தேன். அப்புறம் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போய் மதுரைக்கும் ஊருக்குமாக அலைந்ததில் எஞ்சின் எழுபது நாள் அப்படியே கிடந்தது.

திரும்பி வந்த அன்று ஆயில் ஊற்றி செல்ஃப் அடித்தார்கள். எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது. பல்பு எரிந்துகொண்டே இருந்தது. பட்டறைப் பையன் ஆக்சிலரேட்டரை மிதித்தான், ஆயில் சீக்கிரம் ஏறட்டும் என்று. இருபது செகண்டு இருக்கும், பல்பு அணைந்தது. எல்லோருக்கும் சிரிப்பு. எனக்கும் சிரிப்புதான்.

தொள்ளாயிரம் கிலோமீட்டரில், தேவிபட்டினம் தாண்டி வரும்போது அடியிலிருந்து ஒரு தட்டல் சத்தம். சுமை ஏறினால் கூடும், காலை எடுத்தால் குறையும். இறக்கிப் பார்த்தால் நடு பிஸ்டனின் பிக் எண்ட் பேரிங், அதாவது பிஸ்டன் தண்டு கிராங்கைப் பிடிக்கும் இடத்து பேரிங், போயிருந்தது. புது பேரிங்கின் உள்பக்கம் மங்கலான வெள்ளி மாதிரி வழவழவென்று இருக்கும். இதில் மேல் பாதி முழுக்க நீளநீளமாகக் கோடு. நகத்தை வைத்து இழுத்தால் ஒவ்வொரு கோட்டிலும் மாட்டுகிறது. ஓரத்தில் ஈயம் உருகி வழிந்து உறைந்த மாதிரி ஒரு விளிம்பு. அதே அச்சு கிராங்கிலும் விழுந்திருந்தது. சில மாதத்துக்கு முன் கிரைண்டிங் போட்ட கிராங்க், மறுபடியும் லேத்துக்குப் போனது.

அந்த இருபது செகண்டில்தான் அது போனது என்று பட்டறையில் ஒத்துக்கொள்ளவில்லை. மண்டபத்தில் இருக்கும் என் சித்தப்பா நாற்பது வருடம் விசைப்படகு எஞ்சின் பார்த்தவர். பேரிங்கைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "முத ஸ்டார்ட்டுக்கு முன்னாடி ராக்கர்ல ஆயில் வந்ததை எவன் பாத்தான்?"

ராக்கர் என்பது எஞ்சினின் உச்சியில் வால்வைத் தள்ளித் திறக்கும் கை, ஆயில் கடைசியாகப் போய்ச் சேரும் இடம். யாரும் பார்க்கவில்லை. எட்டு வருடமாக அந்தக் கேள்வியோடுதான் ஒவ்வொரு எஞ்சினையும் பார்க்கிறேன்.

ஏப்ரல் 20

ஏன் இருபது செகண்டு ஆனது என்று கேட்டிருக்கிறீர்கள்.

வீட்டில் அடிபம்பு இருந்தால் உங்களுக்கே தெரியும். நாலு நாள் அடிக்காமல் விட்ட பம்பை எவ்வளவு அடித்தாலும் தண்ணீர் வராது, காற்றுதான் கறுக்கு முறுக்கு என்று வரும். ஒரு செம்பு தண்ணீரை மேலே ஊற்றினால் வாஷர் நனைந்து, சந்து அடைபட்டு, நாலாவது அடியில் தண்ணீர் ஏறும். ஆயில் பம்பும் இதே ஜாதிதான். பல்லுக்கும் கூட்டுக்கும் நடுவே உள்ள சந்தை ஆயில்தான் அடைக்க வேண்டும். பம்பு காய்ந்திருந்தால், அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பிலிருந்து ஆயிலை இழுக்க முடியாமல் காற்றையே அரைத்துக்கொண்டிருக்கும்.

சரி, பம்பு இழுத்துவிட்டது என்றே வையுங்கள். அங்கிருந்து ஃபில்டர். காலி ஃபில்டர் நிறைய வேண்டும். அப்புறம் பிளாக்கின் உள்ளே ஓடும் பெரிய ஆயில் வழி, மெயின் கேலரி. அதிலிருந்து மெயின் பேரிங்குகள். மெயின் பேரிங்கிலிருந்து கிராங்குக்குள் போட்டிருக்கும் ஓட்டை வழியாக பிக் எண்ட். இன்னொரு கிளை மேலே ஏறி ஹெட்டுக்கு, கேம்ஷாஃப்டுக்கு, ராக்கருக்கு. புதிதாக மூடிய எஞ்சினில் இவ்வளவு வழியும் காற்று. பட்டறையில் கழுவி, காற்றடித்து, உலர்த்தித்தானே மூடினார்கள்?

பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே இருக்கும் இடைவெளி மில்லிமீட்டரில் நூறில் இரண்டு முதல் ஐந்து பங்கு. ஒரு தலைமுடியின் பருமனில் பாதி. ஓடும்போது கிராங்க் இந்த இடைவெளியில் ஆயில் மேல் மிதக்கிறது, உலோகம் உலோகத்தைத் தொடுவதே இல்லை. ஆயில் வரும்வரை தொடுகிறது. எஞ்சின் பிடித்துக்கொண்ட பிறகு ஒவ்வொரு வெடிப்பும் பிஸ்டனைக் கீழே அடித்து அந்தத் தொடும் இடத்தில்தான் இறங்குகிறது. பையன் ஆக்சிலரேட்டரை மிதித்தது இன்னும் கொடுமை.

பல்பைப் பற்றி ஒன்று. ஆயில் சுவிட்ச், சதுர சென்டிமீட்டருக்குக் கால் கிலோ, அரைக் கிலோ பிரஷர் வந்தாலே பல்பை அணைத்துவிடும். அது உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு ஆயில் வந்தது என்றுதான் அதற்கு அர்த்தம். கடைசி ராக்கருக்கு வந்ததா, மூன்றாவது பிக் எண்டுக்கு வந்ததா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

ஏப்ரல் 20, கொஞ்ச நேரம் கழித்து

அமெரிக்க வண்டிக்காரர்கள் டிரில்லிங் மெஷின் வைத்து ஆயில் பம்பைச் சுற்றுகிற வீடியோவை ஒருவர் அனுப்பியிருக்கிறார். அந்த எஞ்சின்களில் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றினால் அடியில் ஆயில் பம்பின் தண்டு தெரியும், அதனால் முடிகிறது. நம் ஆம்னியில் பம்பு கிராங்கின் மூக்கிலேயே உட்கார்ந்திருக்கிறது. கிராங்க் சுற்றினால்தான் அது சுற்றும், டிஸ்ட்ரிபியூட்டர் இருப்பதோ மேலே ஹெட்டில். அந்த வழி நமக்கு இல்லை.

ஏப்ரல் 27

ஒரு வாரமாக எழுத முடியவில்லை. இதற்குள் கேட்டவர்களுக்கெல்லாம் தனித்தனியாக, "ஃபில்டரை நிறைய ஊற்றி மாட்டுங்கள்" என்று சொல்லியிருந்தேன். கீழக்கரையிலிருந்து ஒரு காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) அதைத் திருத்தினார். அவர் சொன்னது சரி, எல்லோருக்கும் தெரியட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

ஃபில்டரின் வாயில் நடுவே பெரிய ஓட்டை, சுற்றிலும் சின்ன ஓட்டைகள். ஆயில் சின்ன ஓட்டை வழியாக உள்ளே போய், காகிதத்தில் வடிந்து, நடு ஓட்டை வழியாக வெளியே வரும். நாம் வசதிக்காக நடு ஓட்டையில்தான் ஊற்றுகிறோம். அது வடிந்த பிறகு வருகிற பக்கம். ஊற்றுகிற ஆயிலில் ஒரு மணல் துளி இருந்தால் வடிகட்டாமல் நேராக பேரிங்குக்குப் போகும். கச்சான் காற்றில் நம் ஊரில் எந்தப் புனலில் மணல் இல்லை?

ஆகவே சின்ன ஓட்டையில் ஊற்றுங்கள். வாயில் ரப்பர் நாக்கு இருப்பதால் மெதுவாகத்தான் இறங்கும், பொறுமை வேண்டும். ஊற்றி வைத்து, காகிதம் குடித்து முடித்ததும் மறுபடி ஊற்றுங்கள். சாய்வாக மாட்டும் ஃபில்டரில் விளிம்பு வரை ஊற்றினால் கீழே கொட்டும், முக்கால்வாசி போதும். ரப்பர் வளையத்தில் விரலால் ஆயில் தடவ மறக்க வேண்டாம்.

காக்கா, நன்றி. நான் இத்தனை வருடம் நடு ஓட்டையில்தான் ஊற்றிவந்தேன்.

மே 3

"கிரீஸ் வைத்து அடைக்கலாமா?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

பம்பைக் கழற்ற முடிகிற நிலையில் இருந்தால் மூடியைத் திறந்து பற்களுக்கு நடுவே வாசலின் வைத்து அடையுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் சாதாரண வெள்ளை வாசலின், வாசனை எதுவும் சேராதது. அடிபம்பில் ஊற்றிய செம்புத் தண்ணீர்தான் இது. சந்தை அடைத்துக்கொண்டு முதல் சுற்றிலேயே இழுக்க ஆரம்பிக்கும். ஆயில் சூடானதும் வாசலின் உருகி அதில் கரைந்துவிடும், மிச்சம் எதுவும் நிற்காது. சக்கர பேரிங்குக்குப் போடும் கிரீஸ் வேண்டாம். அதில் சோப்பு மாதிரி ஒரு கெட்டிப்பொருள் இருக்கிறது, ஆயிலில் சீக்கிரம் கரையாது. உருண்டையாக நின்று ஃபில்டரையோ சின்ன ஓட்டையையோ அடைக்கும்.

பேரிங், கேம், டேப்பட் முனைகளுக்கு எஞ்சின் மூட்டும்போதே தடவுகிற மசகு, லூப் என்பார்கள், தனியாகக் கிடைக்கிறது. கெட்டியாக, ஒட்டிக்கொள்ளும். ஒரு மாதம், இரண்டு மாதம் கிடந்தாலும் வழிந்து போகாது. உங்கள் எஞ்சினில் அதைத் தடவினார்களா, வெறும் ஆயிலைத் தடவினார்களா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். வெறும் ஆயில் என்றால் இந்த இரண்டு மாத வெயிலில் பெரும்பாலும் சம்ப்புக்கு இறங்கியிருக்கும்.

விளக்கெண்ணெய் தடவலாமா என்று கேட்டவருக்கு: சித்தப்பாவின் குருநாதர் விளக்கெண்ணெய்தான் தடவுவாராம். அதில் அர்த்தம் இல்லாமல் இல்லை. உலோகத்தில் விளக்கெண்ணெய் பிடிக்கிற பிடி பெரிது. பழைய விமான எஞ்சின்களும் பந்தய வண்டிகளும் அதில் ஓடியிருக்கின்றன. கேஸ்ட்ரால் என்ற பெயரே விளக்கெண்ணெயின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததுதான். ஆனால் அது மினரல் ஆயிலில் சரியாகக் கலக்காது. சூட்டில் பிசினாகி ஒட்டும். இன்றைக்கு அதைவிட நல்லது கடையில் கிடைக்கும்போது விளக்கெண்ணெய் வீட்டிலேயே இருக்கட்டும்.

மே 4

நேற்று எழுதியதில் ஒன்று சேர்க்க வேண்டும். பம்பைத் திறந்தவர்கள், சம்ப்பிலிருந்து ஆயிலை உறிஞ்சும் ஸ்ட்ரெய்னர் குழாய் வந்து சேருமிடத்து ரப்பர் வளையத்தையும் பாருங்கள். மாட்டும்போது கிள்ளப்பட்டிருந்தால் அந்த வழியாகக் காற்று இழுக்கும். எவ்வளவு வாசலின் வைத்தாலும் பிரஷர் நிற்காது.

மே 11

சித்தப்பாவிடம் இந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டினேன். பாதிக்கு மேல் ஒத்துக்கொண்டார். ஒரு இடத்தில் மட்டும், "இவ்வளவு எதுக்குப்பா? பிளக்கைக் கழட்டிட்டு செல்ஃப் அடிச்சா ஏறிட்டுப் போகுது" என்றார்.

அவர் முறை எளிது, பலருக்கு அதுவே போதும். மூன்று பிளக்கையும் கழற்றுங்கள். அமுக்கம் இல்லாததால் பேரிங் மேல் சுமை இல்லை, செல்ஃபும் லேசாக, வேகமாகச் சுற்றும். காயிலுக்குப் போகும் சின்ன ஒயரைக் கழற்றிவிடுங்கள். பெரிய ஒயரை மட்டும் பிடுங்கித் தொங்கவிட்டால் உள்ளே காயில் கெடும். பெட்ரோல் குழாயையும் கழற்றி அடையுங்கள், திறந்த பிளக் ஓட்டையில் பெட்ரோல் ஆவி வந்தால் ஆபத்து. பத்து செகண்டு அடித்து, ஒரு நிமிடம் விட்டு, மறுபடி பத்து செகண்டு. செல்ஃப் மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள், கை பொறுக்காத சூடு வந்தால் நிறுத்துங்கள். பேட்டரி நிறைய சார்ஜ் இருக்க வேண்டும்.

டீசலில் பிளக் கிடையாது. சித்தப்பா படகில் ஸ்டாப் கம்பியை இழுத்துக் கட்டிவிட்டு செல்ஃப் அடிப்பார். டீசல் போகாது, எஞ்சின் பிடிக்காது, ஆயில் மட்டும் ஏறும். பிரஷர் மீட்டரின் முள் எழுந்து நின்ற பிறகுதான் கம்பியை அவிழ்ப்பார்.

ஆனால் சித்தப்பா, உங்கள் லேலண்ட் எஞ்சின்கள் மீன்பிடித் தடை முடிவதற்கு நாலு நாள் முன்புதான் மூடுவீர்கள், தடவின ஆயில் காயாது. தொண்டிக்காரரின் எஞ்சின் பிப்ரவரியிலிருந்து கிடக்கிறது. காய்ந்த பம்பை செல்ஃப் போட்டு நாற்பது செகண்டு சுற்றுவது, சுமை இல்லாவிட்டாலும், காய்ந்த பேரிங்கை நாற்பது செகண்டு சுற்றுவதுதான். இதைச் சொன்னதும் கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "அது வாஸ்தவம்தான்" என்றார்.

மே 19

வெளியிலிருந்து பிரஷர் கொடுத்து ஆயில் ஏற்றும் முறை. இதைத்தான் தொண்டிக்காரருக்குச் சொல்லப் போகிறேன். நேற்று எங்கள் வீட்டில் இருக்கும் உதிரி ஆம்னி எஞ்சினில் செய்து பார்த்தேன், பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

தங்கச்சிமடத்தில் மல்லிகை நாற்றுப் பண்ணைக்காரர்கள் மருந்தடிக்கிற கை ஸ்பிரேயர் இருக்கிறதே, மேலே கைப்பிடியை அமுக்கி அமுக்கிக் காற்று ஏற்றுவது, அதில் ஐந்து லிட்டர் அளவு ஒன்று வாங்கினேன். புதிதாகத்தான் வாங்க வேண்டும். மருந்தடித்த ஸ்பிரேயரை எவ்வளவு கழுவினாலும் எஞ்சினுக்கு ஆகாது. முனையில் இருக்கும் நாசிலைக் கழற்றி எறிந்துவிட்டு, ஆயில் தாங்கும் குழாயும் கிளிப்பும் மாட்டினேன். ஆயில் சுவிட்சைக் கழற்றிய ஓட்டையின் மரைக்குப் பொருந்துகிற மாதிரி லேத்தில் ஒரு பித்தளை நிப்பிள் கடைந்து வாங்கினேன். பழைய சுவிட்சைக் கையோடு கொண்டுபோய் மரையைக் காட்டியது நல்லதாகப் போயிற்று, வாயால் சொன்னால் தப்பாகிவிடும்.

20டபிள்யூ-40 ஆயில் ஒன்றரை லிட்டர். டப்பாவைக் காலையிலிருந்து தகரக் கூரை மேல் வைத்திருந்தேன். மே மாத உச்சிப்புளி வெயிலில் பத்து மணிக்கே தண்ணீர் மாதிரி ஓடியது. குளிர்ந்த ஆயில் இந்தக் குழாயில் ஊர்ந்துதான் போகும்.

ராக்கர் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு அமுக்க ஆரம்பித்தேன். முதல் இரண்டு நிமிடம் ஒன்றுமில்லை. குழாயில் ஆயில் நகர்வது மட்டும் தெரிகிறது. அப்புறம் எஞ்சினுக்குள்ளிருந்து ஒரு சத்தம், பானையில் உலை கொதிக்கத் தொடங்குகிற மாதிரி, காற்று வெளியேறுகிற சத்தம். நாலாவது நிமிடம் சம்ப்புக்குள் சொட்டுகிற ஓசை. மெயின் பேரிங்கின் விளிம்பிலிருந்து வழிகிறது என்று புரிந்தது. மேலே மட்டும் எதுவும் வரவில்லை.

அப்போதுதான் கிராங்கைத் திருப்ப வேண்டும் என்பது உறைத்தது. கிராங்கில் இருக்கும் ஓட்டை, பேரிங்கில் இருக்கும் ஓட்டைக்கோ பள்ளத்துக்கோ நேராக வரும்போதுதான் ஆயில் உள்ளே போகும். ஒரே நிலையில் வைத்து எவ்வளவு அமுக்கினாலும் சில பிக் எண்டுக்குப் போகாமலே இருக்கலாம். கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, எஞ்சின் ஓடுகிற திசையிலேயே, கால் சுற்று திருப்பி, நிறுத்தி, இருபது அமுக்கு. மறுபடி கால் சுற்று. இரண்டு முழுச் சுற்று முடிவதற்குள் ஸ்பேனர் கையில் இலேசாகிக்கொண்டே வந்தது. முதலில் வறட்டென்று நரநரத்தது, கடைசியில் வெண்ணெயில் கத்தி வைத்த மாதிரி போனது.

பதினோராவது நிமிடம் முதல் ராக்கரின் தண்டில் ஒரு பொட்டு. எறும்பு முட்டை அளவு. பார்த்துக்கொண்டே இருக்கும்போது அது பருத்து, கீழே இறங்கி, கேமின் முதுகில் வழிந்தது. அப்புறம் இரண்டாவது. கடைசி ராக்கர் மட்டும் காய்ந்தே இருந்தது, பதினான்காவது நிமிடம் வரை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது அதைத்தான். 2016-இல் யாரும் பார்க்காதது.

சித்தப்பா வாசலில் வந்து நின்று, "மல்லிக்கு மருந்தடிக்கிற மாதிரி எஞ்சினுக்கு எண்ணெய் அடிக்கிறியாடா?" என்று சிரித்தார். கடைசி ராக்கரில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு அவரே ஸ்பிரேயரை வாங்கி இன்னும் பத்து அமுக்கு அமுக்கினார்.

மே 24

மே 19 குறிப்பில் பெரிய விடுபடல் ஒன்று இருக்கிறது.

உதிரி எஞ்சினை நேற்று செல்ஃபில் சுற்றி, சுவிட்ச் ஓட்டையில் பிரஷர் மீட்டர் மாட்டிப் பார்த்தேன். பேரிங் எல்லாம் ஈரம். ஆனால் முள் எழ முப்பது செகண்டு ஆயிற்று. இவ்வளவு ஆயில் ஏற்றியும் ஏன் என்று இரவு முழுக்க யோசித்தேன்.

சுவிட்ச் இருப்பது ஃபில்டருக்கு அப்புறம். நான் கொடுத்த ஆயில் பேரிங் பக்கம் முழுவதும் போயிருக்கிறது. பம்பின் பக்கம் திரும்பிப் போக விடாமல் ஃபில்டரில் இருக்கும் அந்த ரப்பர் நாக்கு தடுத்திருக்கிறது. அதன் வேலையே அதுதான், வண்டி நிற்கும்போது ஃபில்டர் ஆயில் கீழே வடியாமல் பிடித்துவைப்பது. ஆக பேரிங் ஈரம், பம்பு காய்ந்தபடி.

ஸ்பிரேயர் போட்டாலும் பம்புக்கு வாசலின் தேவை. பம்பைத் திறக்க முடியாதவர்கள் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, பம்பிலிருந்து ஆயில் வரும் ஓட்டையில் ஒரு சிரிஞ்ச் வைத்து ஆயிலைச் செலுத்துங்கள். கிராங்கைக் கையால் ஓடும் திசைக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பினால் பம்பு ஆயிலை உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பார்கள். டைமிங் பெல்ட் வண்டியில் எதிர்ப்பக்கம் திருப்புவதை நான் விரும்புவதில்லை, பெல்ட் பல் தாண்டலாம். சிரிஞ்சை வைத்து நிதானமாக ஏற்றினாலே போதும். ஐம்பது மில்லி போல உள்ளே போயிற்று. அதற்குப் பிறகு முள் எழ ஏழு செகண்டு.

ஜூன் 2

தொண்டிக்காரர் படம் அனுப்பியிருந்தார். பிளக் மாட்டாமல் இத்தனை மாதமும் தார்ப்பாய் மட்டும் போட்டு மூடியிருக்கிறது. அதைப் பார்த்ததும் மற்றதெல்லாம் அப்புறம் என்று ஆகிவிட்டது.

உப்புக்கு ஒரு குணம் உண்டு. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும். நம் கரையில் இரவும் விடியற்காலையும் பெரும்பாலும் அந்த அளவுக்கு மேல்தான். அடுப்படி உப்பு ஜாடி கசிவது இதனால்தான். கடற்காற்றோடு வந்து போரின் சுவரில் ஒட்டின உப்புத்தூசி ஒவ்வொரு இரவும் கரைந்து உப்புத்தண்ணீராக நிற்கும். பிஸ்டன் ரிங் நிற்கும் இடத்தில் ஒரு வளையமாகத் துரு கட்டும். அதோடு செல்ஃப் அடித்தால் ரிங் அந்தத் துருவைச் சுரண்டிக்கொண்டு புது போரில் கோடு போடும்.

அவருக்குச் சொன்னது: பிளக் ஓட்டையில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மேஜைக்கரண்டி ஆயில் விட்டு ஒரு இரவு விடுங்கள். அப்புறம் ஸ்பேனரால் கையாலேயே திருப்புங்கள். எங்காவது கரகரத்தால் நிறுத்திவிட்டு ஹெட்டைக் கழற்றுங்கள், அது ஒரு நாள் வேலைதான். வழவழவென்று போனால் மேலே போகலாம்.

போயிற்றாம். இரண்டாவது சிலிண்டரில் லேசாகத் தட்டியதாம், அப்புறம் சரியாயிற்றாம். எனக்கு முழு நிம்மதி இல்லை.

ஜூன் 8

தடைக்காலம் முடிய இன்னும் ஆறு நாள். மண்டபத்தில் எங்கு பார்த்தாலும் பெயிண்ட் வாசனை. கரையேற்றின படகெல்லாம் இறங்கிவிட்டன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், ஒரு வருடத்து எஞ்சின் வேலை முழுவதும் இதற்குள்தான். லேலண்ட் 400, 370 என்று சொல்கிறோமே, அந்த எண் கன அங்குலக் கணக்கு. 400 என்றால் ஆறரை லிட்டர் எஞ்சின். நம் ஆம்னி 796 சிசி, முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் மேலே.

சித்தப்பா இன்று ஒரு பழைய கதை சொன்னார். தடை முடிந்த முதல் இரவு, எல்லாப் படகும் ஒரே நேரத்தில் கிளம்புகிற பரபரப்பு. ஒரு படகில் ஸ்டாப் கம்பியைக் கட்ட நேரமில்லை என்று நேரே ஸ்டார்ட் செய்துவிட்டார்கள். முள் எழவே இல்லை, மீட்டர்தான் கெட்டிருக்கும் என்று நினைத்துக் கடலுக்குப் போனார்கள். விடிவதற்குள் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. இன்னொரு படகு கயிறு கட்டி இழுத்து வந்தது. பேரிங்கைக் கழற்றினால் மேல்பூச்சு முழுவதும் போய் செம்பு தெரிந்ததாம், புதுக் காசு மாதிரி. ஆறு பேருக்கு முதல் பாடு, அந்த முதல் மீன்பிடிப்பின் வருமானம், போயிற்று, பள்ளிக்கூடம் திறக்கிற நேரம். "மீட்டர் கெட்டிருக்கும்னு நினைக்கிறவன் மீட்டரை மாத்திட்டுத்தான் கிளம்பணும்" என்றார்.

ஜூன் 16

நேற்று சித்தப்பாவையும் ஸ்பிரேயரையும் ஏற்றிக்கொண்டு தொண்டிக்கே போய்விட்டோம்.

பம்பைத் திறக்கும் நிலையில் இல்லை, ஆகவே சிரிஞ்ச். ஃபில்டரைச் சின்ன ஓட்டை வழியாக நிறைத்தோம். ஸ்பிரேயரைத் தொண்டிக்காரரின் மகள் அமுக்கினாள், பத்தாவது படிக்கிறாள். நான் ஸ்பேனர். சித்தப்பா ஆம்னியின் முன்சீட்டைத் தூக்கிவிட்டு ராக்கர் பக்கம் தலையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பன்னிரண்டு நிமிடம் ஆனது. கடைசி ராக்கரில் ஆயில் வந்ததும் அவர் ஒன்றும் சொல்லவில்லை, அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, "எட்டிப் பாரு தாயி, வந்துருச்சா?" என்று கேட்டார். அவள் பார்த்து "வந்துருச்சு தாத்தா" என்ற பிறகுதான் மூடியைப் போட்டோம்.

சுவிட்ச் ஓட்டையில் மீட்டர். பிளக் இல்லாமல் செல்ஃப், ஆறு செகண்டில் முள் எழுந்து ஒரு கிலோவில் நின்றது. இன்னும் இரண்டு தடவை. அதற்குப் பிறகுதான் பிளக், காயில் ஒயர், பெட்ரோல் குழாய்.

முதல் ஸ்டார்ட்டில் முள் மூன்றரை கிலோவுக்கு ஏறியது. ஐடிலில் விடவில்லை. 1,800 முதல் 2,000 ஆர்பிஎம்முக்குள் கொஞ்சம் ஏற்றி இறக்கி இருபது நிமிடம் ஓடவிட்டோம். புது ராக்கரும் கேமும் ஒன்றோடொன்று பழக அந்த வேகமும் அந்தத் தெறிப்பும் வேண்டும். புகை முதலில் நிறைய வந்தது, பிளக் ஓட்டையில் விட்ட ஆயில் எரிந்த புகை. பதினைந்து நிமிடத்தில் நின்றது. சூடானதும் ஐடிலில் ஒரு கிலோவுக்கு மேல். மீட்டரின் மரையில் லேசாக ஒரு கசிவு, டேப் சுற்றிச் சரிசெய்தோம். மெக்கானிக்கும் வந்து நின்று கடைசி வரை பார்த்தார், நிப்பிளை எங்கே கடைந்தீர்கள் என்று கேட்டார்.

ஜூன் 30

300 கிலோமீட்டரில் ஆயிலை மாற்றியிருக்கிறார். வடித்த ஆயிலில் காந்தம் போட்டுப் பார்த்ததாக எழுதியிருக்கிறார். மாவு மாதிரி கொஞ்சம் சாம்பல் நிறம், செதில் எதுவும் இல்லை. அது ரிங் படிகிற பொடி, இருக்கத்தான் செய்யும். ஃபில்டரை அறுத்துக் காகிதத்தையும் விரித்துப் படம் அனுப்பியிருக்கிறார், சுத்தம். இரண்டாவது சிலிண்டரின் அமுக்கமும் மற்ற இரண்டுக்குச் சமமாக இருக்கிறது. எனக்கு இருந்த கவலை அதுதான்.

ஸ்பிரேயர் இப்போது என்னிடம் இல்லை. பெரியபட்டினத்தில் ஒரு பழைய மாருதி 800-க்குப் போயிருக்கிறது, அங்கிருந்து கீழக்கரைக் காக்காவிடம் போகும். கேட்பவர்கள் அவரிடம் சொல்லிவைத்துவிடுங்கள். பித்தளை நிப்பிள் குழாயோடு கட்டியிருக்கிறது, ஆம்னிக்கும் 800-க்கும் பொருந்தும். மற்ற வண்டி என்றால் பழைய சுவிட்சைக் கையில் எடுத்துக்கொண்டு லேத்துக்குப் போங்கள். திருப்பித் தரும்போது உள்ளே இருக்கும் ஆயிலைக் கொட்டி, வாயைத் துணியால் கட்டிக் கொடுங்கள், மணல் போகக் கூடாது.